பெயர் போடாத கவிதை

1

போன வைகாசியில் ஊருக்குப் போயிருந்தபோது ஓர் ஆட்டுக் கொட்டகையின் கூரையில் என் கவிதையைப் பார்த்தேன். கவிதை என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். பதின்மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு ஃபிளெக்ஸ் பேனருக்காக எழுதிக் கொடுத்த எட்டு வரிகள். சிவப்பு நிறம் வெளிறி ரோஸ் ஆகியிருந்தது. ஓரமெல்லாம் நார் நாராகக் கிழிந்து தொங்கியது. எழுத்து மட்டும் அப்படியே இருந்தது.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் திருமயம் பக்கம். செம்மண், தைலமரக் காடு, பாதி வருடம் காய்ந்து கிடக்கும் கண்மாய், கண்மாய்க் கரையில் அய்யனார். அய்யனாருக்குப் புரவி எடுப்பு என்றால் ஊரே திரும்பி வந்துவிடும். பிடிமண் கொடுப்பதில் ஆரம்பித்து, வேளார் குதிரை செய்து, சுட்டு, வண்ணம் பூசி, கண் திறந்து, மாலை போட்டு, தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கோயில் வாசலில் இறக்குவது வரை அது எங்கள் தெருக்காரர்களின் உரிமையாக இருந்தது. அந்த வருடம் முதல் முறையாகத் தெற்குத் தெருக்காரர்கள், "எங்க பங்குக்கும் ஒரு குதிரை எடுக்கிறோம்" என்று கேட்டார்கள். அவ்வளவுதான் கேட்டார்கள்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கல்லூரிக் கவிதைப் போட்டியில் இரண்டு முறை பரிசு வாங்கியவன். சித்தப்பா கூப்பிட்டு, "தம்பி, நம்ம தெரு பேனருக்கு நச்சுன்னு ஏதாச்சும் எழுதிக் குடுறா" என்றார். ஒரே இரவில் எழுதிக் கொடுத்தேன். ஆறாவது வரி இது: எங்கள் தோளில் ஏறாத குதிரை வெறும் களிமண்.

எழுதி முடித்ததும் எழுந்து நின்று இரண்டு முறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். அவ்வளவு பிடித்திருந்தது.

பேனர் கட்டிய மறுநாளே பையன்கள் அந்த வரியைத் தெற்குத் தெரு முனையில் போய்க் கத்தினார்கள். கல் விழுந்தது. ஒருவருக்கு மண்டை உடைந்தது. அதிகாரிகள் வந்து சமாதானக் கூட்டம் போட்டார்கள், பேனர்களை இறக்கச் சொன்னார்கள். புரவி எடுப்பு நின்றது. நான்கு வருடம் அய்யனாருக்குக் குதிரை இல்லை.

தெற்குத் தெருவில் எனக்கு ஒரு நண்பன். ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஒரே பெஞ்சு. அந்த வாரம் பஸ் ஸ்டாப் டீக்கடையில் வைத்துக் கேட்டான். "டேய், அந்தக் களிமண்ணு வரி நீ எழுதுனதா?"

"நானா? ஃபிளெக்ஸ் கடையில எவனாச்சும் எழுதியிருப்பான்டா" என்றேன்.

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தான். "சரிடா" என்றான். டீக்குக் காசை அவனே கொடுத்தான். அதற்குப் பிறகு நாங்கள் பார்த்தால் தலையாட்டிக்கொள்வோம், அவ்வளவுதான்.

போன வைகாசியில் அவன் அப்பா இறந்து பதினாறாம் நாளும் முடிந்த பிறகுதான் என்னால் துக்கம் கேட்கப் போக முடிந்தது. வாசலில் நாற்காலி போட்டான். பக்கத்திலேயே ஆட்டுக் கொட்டகை. அவன் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயது; கண்ணில் படுவதையெல்லாம் படிக்கிறாள். குட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்து, ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். "எங்…கள்… தோ…ளில்…"

படித்து முடித்துவிட்டுக் கேட்டாள். "யாருப்பா இதை எழுதுனாக?"

2

இந்தக் கட்டுரையைக் கொட்டகையிலிருந்து போலந்துக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. காரணம், அந்தக் கேள்வியைக் கேட்டபோது என் மனதில் வந்து நின்ற முகம் விஸ்லவா சிம்போர்ஸ்காவுடையது.

வேலைக்குப் போன புதிதில், வெளியூர் மேன்ஷன் அறையில் இருந்து அவரைப் படித்தேன். அதற்கு முன்னால் எனக்குக் கவிதை என்றால் மேடை, கைதட்டல், நச்சென்ற ஒரு வரி. சிம்போர்ஸ்காவிடம் அப்படி எதுவும் இல்லை. வெங்காயத்தைப் பற்றி, பூனையைப் பற்றி, ஒரு கணித மாறிலியைப் பற்றி எழுதுகிறார். பெரிய விஷயத்தைச் சின்னக் குரலில் சொல்கிறார். 1996-இல் நோபல் பரிசு வாங்கியபோது அவர் ஆற்றிய உரையின் சாரமே 'எனக்குத் தெரியாது' என்று சொல்லத் தெரிந்திருப்பதுதான் கவிஞனின் முதல் தகுதி என்பது. எல்லாம் தெரிந்தவர்கள்தான் உலகத்தில் கொடுமைகளைச் செய்கிறார்கள் என்பது அவர் எண்ணம். வாழ்நாள் முழுவதும் அவர் வெளியிட்டது சுமார் 350 கவிதைகள்தான். ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டவர்களிடம், வீட்டில் ஒரு குப்பைக்கூடை இருக்கிறது என்றார்.

இப்படி ஒருவர் பிறவியிலேயே இப்படித்தான் இருந்திருப்பார் என்று நினைத்திருந்தேன். பிறகுதான் 1953-ஐப் பற்றிப் படித்தேன்.

சிம்போர்ஸ்கா 1923-இல் பிறந்தவர். பதினாறு வயதில் நாஜிகள் நாட்டைப் பிடித்தார்கள். ரகசிய வகுப்புகளில் படித்தார். ஜெர்மனிக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பப்படாமல் தப்பிக்க ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தார். போர் முடிந்தபோது நாட்டில் மிச்சமிருந்தது இடிபாடு. அதைத் திரும்பக் கட்டுவோம் என்று வந்தவர்களை இருபதுகளில் இருந்த பெண் நம்பினார். 1952-இல் வந்த முதல் தொகுப்பிலும் 1954-இல் வந்த இரண்டாவது தொகுப்பிலும் லெனின் உண்டு, புதிய தொழில் நகரம் உண்டு, ஸ்டாலினின் சாவுக்கு அழுகை உண்டு. கட்சியிலும் இருந்தார்.

இதுகூடப் பரவாயில்லை. 1953 ஜனவரியில் கிராக்கோவ் நகரில் ஒரு வழக்கு நடந்தது. கத்தோலிக்கப் பாதிரியார்கள் உள்ளிட்ட சிலர்மீது அமெரிக்காவுக்கு உளவு பார்த்தார்கள் என்று குற்றச்சாட்டு. மூவருக்கு மரண தண்டனை. மற்றவர்களுக்குச் சிறை. பிப்ரவரியில் கிராக்கோவின் எழுத்தாளர்கள் 53 பேர், குற்றம் சாட்டப்பட்டவர்களைக் கண்டித்து ஒரு தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பின்னாளில் பெரிய நாடகாசிரியராக அறியப்பட்ட ஸ்லாவோமிர் மிரோஷெக் அதில் ஒருவர். சிம்போர்ஸ்காவும் ஒருவர். மரண தண்டனை கடைசியில் நிறைவேற்றப்படவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு அது நிறைவேறாது என்று யாருக்கும் தெரியாது.

இதைப் படித்த இரவில் எனக்கு இரண்டு உணர்ச்சி வந்தது. ஒன்று ஏமாற்றம். இன்னொன்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நிம்மதி. 'இவரே இப்படி என்றால் நாம் எம்மாத்திரம்' என்ற நிம்மதி. பெரிய மனிதர்களின் தவறுகளை நாம் ஆர்வமாகத் தேடிப் படிப்பதற்கு இந்த நிம்மதிதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

3

போலந்து வரை போக வேண்டியதில்லை. எங்கள் மாவட்டத்திலேயே இந்தக் கேள்விக்கு ஆள் உண்டு.

எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் ராமச்சந்திரபுரம். கடியாபட்டி என்றால் எல்லோருக்கும் தெரியும். பெரிய பெரிய செட்டிநாட்டு வீடுகள், பூட்டிக் கிடக்கும் வாசல்கள். புதுக்கோட்டை தனி சமஸ்தானமாக இருந்த காலத்தில் அங்கிருந்து 'திருமகள்' என்ற பத்திரிகை வந்தது. 1944 வாக்கில், சிறுகூடல்பட்டியைச் சேர்ந்த முத்தையா என்ற பதினேழு வயதுப் பையன் அங்கே வேலை கேட்டு வந்தான். என்ன பெயரில் எழுதுகிறாய் என்று கேட்டார்களாம். அந்த நிமிடம் வாயில் வந்த பெயரைச் சொன்னான்: கண்ணதாசன்.

அந்தப் பெயரை நினைத்தால் எனக்கு வேடிக்கையாக இருக்கும். கண்ணனுக்கு அடிமை என்ற பெயரைச் சுமந்துகொண்டே அவர் கடவுள் மறுப்பு மேடைகளில் பேசினார். திராவிட முன்னேற்றக் கழகத்தில் இருந்தார். 1953 ஜூலையில், அதாவது சிம்போர்ஸ்கா கையெழுத்துப் போட்ட அதே வருடம், டால்மியாபுரம் என்ற பெயரைக் கல்லக்குடி என்று மாற்றக் கோரி நடந்த ரயில் மறியலில் கலந்துகொண்டு சிறைக்குப் போனார். சிறையில் 'மாங்கனி' என்ற காவியத்தை எழுதினார். 1961-இல் ஈ.வெ.கி. சம்பத்தோடு கட்சியை விட்டு வெளியேறினார். தமிழ்த் தேசியக் கட்சி, பிறகு காங்கிரஸ். யாரைத் திட்டினாரோ அவரைப் பாராட்டினார், யாரைப் பாராட்டினாரோ அவரைத் திட்டினார். கம்பனை எதிர்ப்பதற்காகப் படிக்க எடுத்து, கம்பனிடமே விழுந்தார். கடைசியில் 'அர்த்தமுள்ள இந்து மதம்' எழுதினார். கடுமையாக விமர்சித்த எம்.ஜி.ஆரே 1978-இல் முதலமைச்சராக இருந்து அவரை அரசவைக் கவிஞர் ஆக்கினார்.

எங்கள் அப்பத்தா அவர் பாட்டு ரேடியோவில் வந்தால் வெற்றிலை மெல்வதை நிறுத்திவிடும். அதே அப்பத்தா சொல்லும், "பாட்டுத்தான் நெலையா நிக்கிது, மனுசன் நெலையா நிக்கல."

ஆனால் கண்ணதாசன் ஒன்று செய்தார். 'வனவாசம்' எழுதினார். கழகத்தை விட்டு வெளியேறும் வரையிலான தன் வாழ்க்கையை அதில் வைத்தார். குடி, ஏமாற்று, அசட்டு நம்பிக்கை, வெட்கக்கேடு எதையும் மறைக்கவில்லை. எப்படி வாழக் கூடாது என்பதற்குத் தானே சாட்சி, அதனாலேயே புத்தி சொல்லும் யோக்கியதை தனக்கு உண்டு என்ற தோரணையில் நின்றார். அதில் ஒரு விசித்திரம், அந்தப் புத்தகம் முழுக்க அவர் தன்னை 'நான்' என்று சொல்வதில்லை. 'அவன்' என்கிறார். அவன் செய்தான், அவன் அழுதான், அவன் ஏமாந்தான்.

முதல் முறை படித்தபோது அது நேர்மையின் உச்சம் என்று தோன்றியது. இரண்டாவது முறை சந்தேகம் வந்தது. 'அவன்' என்று சொல்லும்போது ஒரு கை தள்ளி வைத்துவிடுகிறோம் அல்லவா? அந்த 'அவன்' வேறு, எழுதும் நான் வேறு. மேலும் அவருடைய ஒப்புதலில் கூட இருந்தவர்களின் வண்டவாளமும் சேர்ந்தே வெளியே வருகிறது. தன் தவறைச் சொல்கிற சாக்கில் அடுத்தவனையும் இழுத்துப் போட்டு அடிக்க முடியும். மனந்திறப்பு எப்போதும் சுத்தமான காரியம் இல்லை.

இருந்தாலும் ஒன்றை மறுக்க முடியாது. அட்டையில் அவர் பெயர் இருக்கிறது. ராமச்சந்திரபுரத்தில் பதினேழு வயதில் சொன்ன அதே பெயர். எழுதியது எல்லாவற்றுக்கும், சரிக்கும் தப்புக்கும், அவர் அதே பெயரைத்தான் போட்டார்.

4

சிம்போர்ஸ்கா 'வனவாசம்' எழுதவில்லை. அவருக்குத் தன்னைப் பற்றிப் பேசுவதே பிடிக்காது. 1957-இல் வந்த மூன்றாவது தொகுப்பில் அவர் வேறு ஆளாக இருக்கிறார்; முழக்கம் நின்று சந்தேகம் ஆரம்பிக்கிறது. 1966-இல் தத்துவவாதி லெஷெக் கோவகோவ்ஸ்கியைக் கட்சி வெளியேற்றியபோது இவரும் கட்சி அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். அதற்கு விலையாக, வேலை பார்த்த இலக்கிய வார இதழில் கவிதைப் பகுதியின் பொறுப்பு போனது. பிறகு வந்த தேர்ந்தெடுத்த தொகுப்புகளில் அந்தப் பழைய முழக்கக் கவிதைகளை அவர் சேர்க்கவில்லை.

சேர்க்காதது மறைப்பதாகுமா? நெடுநாள் எனக்கு இதுதான் சந்தேகம். ஆனால் நோபல் சமயத்தில் ஒரு பேட்டியில் கேட்டபோது அவர் நேராகப் பதில் சொன்னார். இளமையில் அந்தக் கொள்கையை நம்பினேன், உலகத்தைக் காப்பாற்ற முடியும் என்று நினைத்தேன், அது நடக்கவில்லை என்பது போலப் பாவனை செய்ததே இல்லை என்ற பொருளில். நம்மில் பலருக்கு மேடையில் தவறை ஒப்புக்கொள்வது சுலபம். யாரோ ஒருவர் எதிரே உட்கார்ந்து 'நீயா?' என்று கேட்கும்போது 'ஆமாம், நான்தான்' என்று சொல்வதுதான் கஷ்டம்.

இன்னொரு விவரம் உண்டு. அந்த வார இதழில் அவர் பல வருடம் புதிய கவிஞர்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதினார். பெயர் போடாமல், 'நாங்கள்' என்று. போலிஷ் மொழியில் வினைச்சொல்லே ஆணா பெண்ணா என்று காட்டிவிடும். குழுவில் பெண் அவர் ஒருவர்தான் என்பதால், 'நான்' என்று எழுதினால் ஆள் தெரிந்துவிடும் என்று இந்த ஏற்பாடு. ஆக, பெயர் போடாமல் எழுதுவது குற்றமில்லை. பெயரை எதற்காக எடுத்தோம் என்பதுதான் கேள்வி. எங்கள் தெரு பேனரில் என் பெயர் இல்லை. முதலில் அது அடக்கமாகத்தான் இருந்தது. 'ஊர்ப் பொதுவா இருக்கட்டும்' என்று சித்தப்பா சொன்னார். கல் விழுந்த பிறகு அதே வெற்றிடம் எனக்கு ஒளிந்துகொள்ளும் இடமாகிவிட்டது.

இன்னொரு முனையில் எங்கள் மண்ணிலேயே இரண்டாயிரம் வருடப் பழைய ஒரு பதில் இருக்கிறது. புறநானூற்றில் 71-ஆம் பாடலைப் பாடியவன் ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன். ஒல்லையூரை இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்து ஒலியமங்கலம் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். அந்தப் பாட்டு ஒரு வஞ்சினம். எதிர்த்து வரும் அரசர்களை நான் ஓட வைக்காவிட்டால் என் மனைவியை நான் பிரிவேனாக, என் அவையில் முறை தவறுவேனாக, என் நண்பர்களை இழப்பேனாக, அடுத்த பிறவியில் பாண்டிய நாட்டை விட்டு எங்கோ வறண்ட நிலத்தைக் காப்பவனாகப் பிறப்பேனாக என்று போகிறது.

பள்ளியில் இதை வீரம் என்று படித்தோம். இப்போது படித்தால் எனக்கு வேறு ஒன்று தெரிகிறது. அவன் சொல்லுக்கு ஈடாகத் தன்னிடம் இருப்பதை வைக்கிறான். மனைவி, நீதி, நட்பு, நிலம் எல்லாமே அவனுடையவை. வார்த்தை பொய்த்தால் இழப்பு அவனுக்கு. நான் எழுதிய எட்டு வரியில் ஈடாக வைத்தது யாருடையது? மண்டை உடைந்தது வேறு ஒருவருக்கு. குதிரை இல்லாமல் போனது ஊருக்கு. எனக்கு என்ன போனது? அடுத்த வாரம் கல்லூரிக்குத் திரும்பிப் போனேன்.

கவிதையின் ஒழுக்கம் என்று ஏதாவது இருந்தால் அது இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். தவறாக எழுதாமல் இருக்க யாராலும் முடியாது. இருபது வயதில் நம்பியதை அறுபதிலும் நம்பு என்று ஒருவரையும் கட்டிப்போட முடியாது. அப்படி நின்றவர்களில் பாதிப் பேர் பிடிவாதக்காரர்கள். மாறலாம், மாற வேண்டும். ஆனால் சொன்னது நான்தான் என்பது மட்டும் மாறுவதில்லை. கண்ணதாசன் அதைச் சத்தமாகச் சொன்னார், சிம்போர்ஸ்கா மெதுவாகச் சொன்னார்.

அதோடு கணக்கு தீர்ந்துவிடுகிறதா? இல்லை. சிம்போர்ஸ்கா பிறகு எழுதிய அத்தனை நல்ல கவிதையும் கிராக்கோவ் சிறையில் வருடக்கணக்கில் இருந்தவர்களுக்கு ஒரு நாளைக்கூடத் திருப்பித் தரவில்லை. வாசகர்களாகிய நாம் அவரை மன்னித்துவிட்டோம் என்று சொல்வதில் ஒரு சின்ன மோசடி இருக்கிறது. மன்னிக்கும் உரிமை நமக்கு யார் கொடுத்தது? நமக்கு அவர் ஒன்றும் செய்யவில்லையே. நாம் அவரை நேசிக்கலாம். மன்னிப்பு வேறு ஆட்களிடம் இருக்கிறது.

5

"யாருப்பா இதை எழுதுனாக?"

நண்பன் என்னைப் பார்க்கவில்லை. ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தான். அவன் பதில் சொல்வான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. எனக்கு விட்டுவிட்டான் என்று புரிய கொஞ்ச நேரம் ஆனது.

"நான்தான் பாப்பா எழுதுனேன்" என்றேன்.

அவள் என்னையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தாள். "குதிரை எல்லாமே களிமண்ணுதானே மாமா. வேளார் தாத்தா களிமண்ணுலதானே செய்றாக?"

எனக்குப் பேச்சு வரவில்லை. நண்பன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் பார்த்துப் பதின்மூன்று வருடம் இருக்கும்.

"பஞ்சாயத்து ஆபீஸ் பின்னாடி குமிச்சுப் போட்டிருந்தாங்க. அப்பாதான் தூக்கிட்டு வந்தாரு. நல்ல ஷீட்டுடா, ஒரு சொட்டு ஒழுகல" என்றான். கொஞ்சம் கழித்து, "அப்பாவுக்குப் படிக்கத் தெரியாதுல்ல" என்றான்.

அவனுக்குப் படிக்கத் தெரியும். ஒவ்வொரு நாளும் காலையில் குழை போடும்போது அண்ணாந்து பார்த்திருப்பான். அதைத்தான் கேட்டேன். "இத்தனை வருசமா இதைப் பார்த்துக்கிட்டா இருந்தே?"

"வரியில என்னடா இருக்கு. அன்னிக்கு ஊரே அப்படித்தான் பேசுச்சு. எங்க ஆளுகளும்தான் பேசுனாக. நீ எழுதுனதுன்னு எனக்குப் பாத்ததுமே தெரியும். உன் எழுத்து எனக்குத் தெரியாதா? பன்னெண்டு வருசம் உன் நோட்டைப் பாத்துத்தானே எழுதுனேன்." குழையைக் கீழே வைத்தான். "நீ இல்லைன்னியே, அதுதான்டா."

"தப்புத்தான்டா" என்றேன். அதற்கு மேல் எனக்கு வரி வரவில்லை. அவன் பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. மன்னித்துவிட்டான் என்று நான் இங்கே எழுத மாட்டேன். அவன் அப்படிச் சொல்லவில்லை. உள்ளே போய், "அம்மா, டீ போடு, வடக்குத் தெருத் தம்பி வந்திருக்கு" என்றான். நான் புறப்படும்போது கண்மாய்க் கரை வரை கூட வந்தான். இப்போதெல்லாம் புரவி எடுப்பில் இரண்டு தெருக் குதிரையும் போகிறது. முதலில் எது போவது என்பதில் இன்னமும் முணுமுணுப்பு இருக்கிறது என்று சொன்னான்.

இந்தக் கட்டுரையை எழுத ஆரம்பித்தபோது, இதுவும் ஒரு வகையில் மேடைதானே என்ற உறுத்தல் இருந்தது. அதனால் எழுதுவதற்கு முன்னால் அவனுக்கு ஃபோன் போட்டு, "இதை எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

"எழுது. பேரைப் போட்டு எழுது" என்றான்.

"உன் பேரையா?"

"என் பேரு எதுக்குடா? உன் பேரை."